ஏழில் ஒரு பங்கு: யூபிஎஸ் பகுதிநேரத் தொழிலாளியின் சங்கச் சந்தா

விடியற்காலை நாலு மணிக்கு பெல்ட் ஓடத் தொடங்கும். பழுப்பு வேன்கள் வரிசையாகப் பின்கதவைத் திறந்துகொண்டு நிற்கும். ஒரு லோடருக்கு மூன்று நாலு வேன். வந்துகொண்டேயிருக்கும் பார்சல்களில் தன் வேனுக்கு உரியதைப் பிடித்து, லேபிளைப் பார்த்து, எந்தத் தட்டு, எந்த வரிசை என்று தப்பாமல் அடுக்க வேண்டும். நாய்த்தீனி மூட்டை வரும், மருந்து டப்பா வரும், கார் டயரும் வரும். ஒரு பார்சலின் எடை 70 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றிருந்த வரம்பை 1994இல் கம்பெனி 150 பவுண்டாக ஏற்றியது. நம் கணக்கில் 68 கிலோ. எட்டு, எட்டரைக்கு வேலை முடிந்துவிடும். டிரைவர் வந்து வண்டியைக் கிளப்புவார். லோடர் கல்லூரிக்குப் போவார், இல்லையென்றால் அன்றைக்கான இரண்டாவது வேலைக்கு.

அமெரிக்காவின் பார்சல் கம்பெனியான யூபிஎஸ்ஸில் 2023இல் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்தின் ஒப்பந்தத்துக்குக் கீழே இருந்தவர்கள் ஏறத்தாழ 3,40,000 பேர். அதில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட பகுதிநேரத்தார்தான். ஒரு நாளைக்கு மூன்றரை மணிநேர வேலை கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அதற்கு மேல் கிடைப்பது பார்சல் வரத்தைப் பொறுத்தது. டிசம்பரில் கொட்டும், ஜனவரியில் வற்றிவிடும்.

இவர்கள் சங்கத்துக்குச் சந்தா கட்ட வேண்டுமா, எவ்வளவு என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. யூபிஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இந்தக் கேள்வி நாற்பது ஆண்டாக இங்கே தீராமல் கிடக்கிறது. பகுதிநேரத்தாரைச் சங்கம் கைவிட்ட காலமும் உண்டு, அவர்களுக்காகத் தெருவில் இறங்கிய காலமும் உண்டு.

முதலில் கணக்கு. டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் விதிப்படி, மணிக்கு 11 டாலருக்கு மேல் வாங்கும் உறுப்பினர் மாதச் சந்தாவாக இரண்டரை மணிநேரச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். நியாயமாகத்தான் தெரிகிறது, அதிகம் வாங்குபவர் அதிகம் கட்டுகிறார். இப்போது இரண்டு சம்பளச் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மணிக்கு 42 டாலர் வாங்கும் டிரைவர் வாரம் 40 மணிநேரம் ஓட்டினால் 1,680 டாலர். மாதச் சந்தா 105 டாலர். ஒரு வாரச் சம்பளத்தில் பதினாறில் ஒரு பங்கு. மணிக்கு 21 டாலர் வாங்கும் லோடர் வாரம் பதினேழரை மணிநேரம் வேலை பார்த்தால் 367.50 டாலர். சந்தா 52.50. வாரச் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு. யூபிஎஸ்ஸில் சம்பளம் வாராவாரம் வருகிறது. மாதச் சந்தாவை ஒரே வாரச் சீட்டில் பிடித்துவிட்டால் அந்த வாரம் வீட்டுக்காரர் வாடகை கேட்கும் வாரமாகவும் அமைந்து தொலைக்கும்.

மாதச் சம்பளத்தின் சதவீதமாகச் சொன்னால், டிரைவர் கொடுப்பது 1.44. லோடர் கொடுப்பது 3.3. சங்கம் யாரையும் ஏமாற்றவில்லை, இருவருக்கும் ஒரே வாய்பாடுதான். அந்த வாய்பாட்டில் மணிக்கூலி இருக்கிறது, வேலை பார்த்த மணிநேரம் இல்லை. சிக்கல் முழுதும் அந்த ஓட்டையில்தான்.

இதற்கு மேல் சேரும்போது ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு. கிளைக்குக் கிளை தொகை மாறும், தவணையாகப் பிடிப்பார்கள். வேலைக்கு வந்து முதுகு வலி தாங்காமல் இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிற பையனுக்குச் சங்கத்தைப் பற்றி ஞாபகம் இருக்கப்போவது அந்தப் பிடித்தம் ஒன்றுதான். நிற்கும்போது ‘வித்ட்ராயல் கார்டு’ எழுதி வாங்கிக்கொண்டால் பாக்கி ஏறாது. அதை அவனுக்கு யாராவது சொன்னார்களா என்பது அந்தக் கிளையின் லட்சணத்தைப் பொறுத்தது.

எட்டு டாலர் காலம்

பகுதிநேரத்தார் “எங்களுக்கு எதற்குச் சந்தா” என்று கேட்டதில் நியாயம் இருந்த காலம் ஒன்று உண்டு. யூபிஎஸ்ஸின் மையங்களில் பகுதிநேர ஆட்களை வைத்துக்கொள்ளச் சங்கம் ஒத்துக்கொண்டது 1960களில். தொடக்கத்தில் அவர்களுக்கும் முழுநேரத்தாருக்கும் மணிக்கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை. 1982 ஒப்பந்தத்தில்தான் அடி விழுந்தது. புதிதாகச் சேரும் பகுதிநேரத்தாருக்குத் தொடக்கக் கூலி மணிக்கு 8 டாலர் என்று வெட்டப்பட்டது. முழுநேரத்தாரின் கூலி மேலே போய்க்கொண்டிருந்தது. இந்த 8 டாலர் 1997 வரை அப்படியே நின்றது. பதினைந்து ஆண்டு விலைவாசியைக் கழித்தால், 1997இன் எட்டு டாலருக்கு 1982இன் காசில் 5 டாலர் மதிப்புகூட இல்லை.

இப்படி ஓர் ஒப்பந்தத்தில் சங்கம் ஏன் கையெழுத்துப் போட்டது? அப்போது ஓட்டுப் போட்டவர்களின் கூலி குறையவில்லை, அதுதான் காரணம். வெட்டு, இனிமேல் வரப்போகிறவர்களுக்கு. இன்னும் வேலைக்கே சேராதவனுக்கு ஓட்டு ஏது? தொழிற்சங்க வரலாற்றில் இந்த மாதிரி விற்பனை யூபிஎஸ்ஸில் மட்டும் நடந்ததில்லை. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்த பந்திக்கான சோற்றைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்த கதை பல ஆலைகளில் உண்டு. ஆனால் கம்பெனிக்கு இது எவ்வளவு பெரிய லாபம் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. மலிவான ஆள் கிடைக்கும்போது முழுநேர வேலையை யார் உருவாக்குவார்கள்? 1997 வருவதற்குள் யூபிஎஸ் தொழிலாளரில் ஐந்தில் மூன்று பேர் பகுதிநேரத்தார் ஆகிவிட்டார்கள்.

டிரைவர்களும் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்கள். பக்கத்தில் நிற்பவனின் மலிவு, நாளைக்குத் தன் பேரத்தைக் குறைக்கும். இதை மேடையில் சொல்வது சுலபம். பதினைந்து ஆண்டு அனுபவம் சொன்னபோதுதான் டிரைவர் காதில் ஏறியது.

ரான் கேரி இந்தப் பின்னணியில் வந்தவர். நியூயார்க்கின் குவீன்ஸில் யூபிஎஸ் டிரைவராக இருந்து, கிளைத் தலைவராகி, 1991இல் உறுப்பினர்கள் நேரடியாக ஓட்டுப் போட்ட முதல் தேர்தலில் சங்கத்தின் தேசியத் தலைவரானவர். 1997 ஆகஸ்ட் 4 அன்று 1,85,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தின் முழக்கத்தைத் தமிழில் சொன்னால் ‘பகுதிநேர அமெரிக்கா வேலைக்கு ஆகாது’. ஆங்கிலத்தில் இருந்த சிலேடை தமிழிலும் தானாக வந்து விழுகிறது. பொதுமக்களுக்கு அந்த முழக்கம் சட்டென்று பிடித்தது, ஏனென்றால் வீட்டுக்கு ஒருவராவது அப்படி ஒரு வேலையில் இருந்தார்கள். காலப் கருத்துக்கணிப்பில் சங்கத்தின் பக்கம் 55 சதவீதம், கம்பெனியின் பக்கம் 27.

பதினைந்து நாளில் கம்பெனி இறங்கி வந்தது. பகுதிநேர வேலைகளை இணைத்து ஐந்தாண்டில் 10,000 முழுநேர வேலை. ஐந்தாண்டில் முழுநேரத்தாருக்கு மணிக்கு 3.10 டாலர் உயர்வு, பகுதிநேரத்தாருக்கு 4.10. தொடக்கக் கூலி மட்டும் 8இலிருந்து 8.50 என்று அரை டாலர்தான் அசைந்தது. இதைக் கொண்டாட்டத்தில் பலர் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டே, வேலைநிறுத்தத்தில் வியாபாரம் போய்விட்டது என்று சொல்லி, ஒத்துக்கொண்ட முதல் 2,000 முழுநேர வேலையைக் கொடுக்கக் கம்பெனி மறுத்தது. 2000இல் நடுவர் தீர்ப்பு சங்கத்தின் பக்கம் வந்த பிறகுதான் அது நகர்ந்தது. ஒப்பந்தம் போடுவதோடு செலவு முடிந்துவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு வழக்காடக் காசு வேண்டும், அது சந்தாவிலிருந்துதான் வரும்.

காசு என்று வந்துவிட்டதால், 1997 பற்றி அதிகம் பேசப்படாத ஒன்று. அந்த வேலைநிறுத்தம் நடந்தபோது சங்கத்தின் போராட்ட நிதி காலி. 1991 மாநாட்டில் வேலைநிறுத்தப் படியை வாரம் 200 டாலராக உயர்த்தினார்கள், அதற்கான சந்தாவை உயர்த்தவில்லை. 1994இல் நிதி வற்றிப்போயிற்று. சந்தாவை உயர்த்தலாமா என்று கேரி உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு விட்டார். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். ஆகவே 1997இல் வேலைநிறுத்தம் செய்தவருக்கு வாரம் கிடைத்தது 55 டாலர். அதைக் கொடுப்பதற்கும் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ கடன் தர முன்வர வேண்டியிருந்தது. இன்னும் ஒரு மாதம் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. வேலைநிறுத்தம் முடிந்த மூன்றாம் நாளே, தேர்தல் நிதி முறைகேட்டால் கேரியின் மறுதேர்வு ரத்தாயிற்று. பிறகு சங்கத்திலிருந்தே விலக்கப்பட்டார். 2001இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அது தனிக் கதை.

2002இல், ஜேம்ஸ் பி. ஹோஃபா தலைவராக இருந்தபோது, இதற்கென்றே சிறப்பு மாநாடு கூட்டி, இரண்டு மணிநேரமாக இருந்த சந்தாவை இரண்டரை மணிநேரமாக்கினார்கள். கூடுதலில் ஒரு பங்கு போராட்ட நிதிக்கு. நிதி திரும்பவும் நிரம்பியது. முழுநேரத்தாருக்கு ஏற்றிய அதே அரை மணிநேரத்தைப் பகுதிநேரத்தார் தலையிலும் ஏற்றினார்கள்.

கட்டாயம் எவ்வளவு கட்டாயம்

சந்தாவுக்குச் சங்கத்துக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு அமெரிக்க ஏற்பாடு கொஞ்சம் விநோதமாகப் படும். ஒரு பணியிடத்தில் பெரும்பான்மை தேர்ந்தெடுத்த சங்கம், அங்குள்ள அனைவருக்கும் ஒரே பிரதிநிதி. இன்னொரு சங்கம் பக்கத்தில் கடை விரிக்க முடியாது. பதிலுக்கு, உறுப்பினர் அல்லாதவரையும் சேர்த்து அனைவருக்காகவும் சங்கம் பாரபட்சமின்றிப் பேச வேண்டும். இந்தக் கடமை 1944இல் ஸ்டீல் வழக்கில் வந்தது. வெள்ளையருக்கு மட்டுமே இடம் கொடுத்த ரயில்வே சங்கம் ஒன்று, கறுப்பின ஃபயர்மேன்களின் (ரயில் எஞ்சினுக்குக் கரி போடுபவர்களின்) வேலையைப் பறிக்கும் ஒப்பந்தம் போட்டபோது உச்ச நீதிமன்றம் விதித்த கடமை அது.

அனைவருக்கும் பேச வேண்டும் என்றால் அனைவரும் காசு கொடுக்க வேண்டாமா? 1947ஆம் ஆண்டு டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இதற்கு இரண்டு பக்கமும் பதில் வைத்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து 30 நாளுக்குப் பிறகு சந்தாவைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தம் போடலாம். ஆனால் ஒரு மாநிலம் விரும்பினால் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைத் தடை செய்யலாம். தடை செய்த மாநிலங்களை ‘ரைட் டு ஒர்க்’ மாநிலங்கள் என்கிறார்கள். இப்போது 26 இருக்கின்றன. (பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். இந்தச் சட்டம் யாருக்கும் வேலைக்கான உரிமை எதையும் தருவதில்லை.) தடை இல்லாத மாநிலங்களிலும் முழுச் சந்தா கட்டாயமில்லை. 1988இல் பெக் வழக்கின் தீர்ப்புப்படி, உறுப்பினராக இருக்க மறுப்பவர் பேச்சுவார்த்தைக்கும் ஒப்பந்தத்தை நடத்துவதற்கும் ஆகும் செலவின் பங்கை மட்டும் கட்டினால் போதும். அரசியல் செலவுக்குக் கட்ட வேண்டாம். ஓட்டுரிமை போய்விடும். 2018இல் பெரிதாகப் பேசப்பட்ட ஜேனஸ் தீர்ப்பு அரசு ஊழியருக்கானது. யூபிஎஸ் தனியார் கம்பெனி என்பதால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால் இப்படி இருக்கும். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் விமான நிலையத்தில் யூபிஎஸ்ஸின் மிகப் பெரிய மையமான ‘வேர்ல்ட்போர்ட்’ இருக்கிறது. மணிக்கு 4 லட்சத்துக்கு மேல் பார்சல்களைப் பிரித்து அனுப்பக் கூடியது. நள்ளிரவில்தான் அங்கே பகல். ராத்திரி ஷிப்டில் கல்லூரி மாணவர்கள் ஏராளம். 1998இல் தொடங்கிய ‘மெட்ரோபாலிட்டன் காலேஜ்’ திட்டத்தில், இரவு வேலை பார்த்தால் கல்லூரிக் கட்டணத்தைக் கம்பெனியும் அரசுத் தரப்பும் பார்த்துக்கொள்கின்றன. கென்டக்கி 2017 ஜனவரியில் ரைட் டு ஒர்க் மாநிலம் ஆனது. ஃபிலடெல்ஃபியா விமான நிலையத்திலும் யூபிஎஸ்ஸுக்கு ஒரு மையம் உண்டு. பென்சில்வேனியாவில் அந்தச் சட்டம் இல்லை. இரண்டு இடத்திலும் அதே பெல்ட், அதே மூன்றரை மணிநேரம், அதே தேசிய ஒப்பந்தம். லூயிவில் மாணவர் ஒரு காசும் கட்டாமல் 21 டாலரை வாங்கிக்கொள்ளலாம். ஃபிலடெல்ஃபியா மாணவர் கட்டித்தான் ஆக வேண்டும்.

தேர் இழுக்க வராதவனுக்கும் பிரசாதம் உண்டு என்பது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் யாருமே வராத வருஷம் தேர் நிலையை விட்டு நகராது. ரைட் டு ஒர்க் மாநிலத்தின் கிளைச் செயலாளர்கள் இதை இன்னொரு விதமாகவும் பார்க்கிறார்கள். கட்டாயம் இல்லாத இடத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனிடமும் நேரில் போய்ப் பேசிக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. கட்டாயம் உள்ள இடத்தில் அந்தப் பேச்சே நடக்காமல் போகலாம். சம்பளச் சீட்டில் பிடித்தம் தானாக நடக்கும், ‘டீம்ஸ்டர்ஸ்’ என்பது வரி மாதிரி ஒரு வார்த்தையாகிவிடும். கட்டாயம் தரும் வசதி சங்கத்தின் காலையும் சோம்பலாக்கும். ரைட் டு ஒர்க் சட்டத்துக்கு இதை நான் வக்காலத்தாகச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் சங்கத்தைச் சுறுசுறுப்பாக்கக் கொண்டுவரவில்லை.

2018இல் தோற்ற ‘வேண்டாம்’

2018 ஒப்பந்தம் ஓட்டுக்கு வந்தபோது உறுப்பினரில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். அதில் 54 சதவீதம் ‘வேண்டாம்’. ஆனாலும் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. ஓட்டு பாதிக்குக் கீழே போனால், நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று ஒரு பழைய விதி இருந்தது. தலைமை அதைப் பிடித்துக்கொண்டது. ‘வேண்டாம்’ என்று சொன்ன பெரும்பான்மை தோற்றது.

இதில் பகுதிநேரத்தாருக்கு என்ன பங்கு என்றால், ஓட்டுப் போடாதவர்களில் அதிகம் யார் என்று யோசித்தாலே போதும். ஆறு மாதத்தில் போய்விடப்போகிறவன் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட எதற்காக மெனக்கெடுவான்? ஆனால் அவன் ஓட்டுப் போடாததையே ‘சம்மதம்’ என்று கணக்கெழுதியது சங்கம். சந்தாவை மட்டும் எந்த விதியும் கேட்காமல் பிடித்தது. ‘காசு கொடு, குரல் கொடுக்காதே’ என்ற நிலைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

கோபம் பலித்தது. 2021 மாநாட்டில் அந்த மூன்றில் இரண்டு விதியைத் தூக்கினார்கள். வேலைநிறுத்தத்தின் முதல் நாளிலிருந்தே படி என்று தீர்மானித்தார்கள். பேச்சுவார்த்தைக் குழுவில் சாதாரண உறுப்பினர்களும் இருக்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஷான் ஓபிரையன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2023 ஜூலை 5 அன்று பேச்சுவார்த்தை முறிந்தது. முறித்தது பகுதிநேரத்தாரின் கூலி. டிரைவர்களின் பெரும்பாலான கோரிக்கைகள் அதற்குள் முடிந்திருந்தன. டிரைவர்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம், 1982இல் அப்படித்தான் போனார்கள். இந்த முறை போகவில்லை. மையங்களின் வாசலில் ‘ஒத்திகை மறியல்’ நடத்தினார்கள். ஜூலை 25இல் உடன்பாடு வந்தது: பகுதிநேரத்தாருக்கு உடனே குறைந்தது மணிக்கு 21 டாலர், ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு ஐந்தாண்டில் 7.50 டாலர் உயர்வு, நீண்ட காலம் இருப்பவருக்குத் தனிக் கூடுதல், 7,500 புதிய முழுநேர வேலை. 58 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு, 86.3 சதவீதம் ‘சரி’ என்றார்கள்.

முந்தைய ஒப்பந்தத்தின் அடிமட்டக் கூலி 15.50. அதில் இருந்தவர் 21க்கு வந்தால், வாரம் பதினேழரை மணிக்கு மாதம் ஏறத்தாழ 417 டாலர் கூடுதல். சந்தா உயர்வு 13.75. கணக்கு சங்கத்தின் பக்கம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு ஆள் கிடைக்காமல், பல ஊர்களில் கம்பெனி தானாகவே ஒப்பந்தக் கூலிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. ‘சந்தை நிலவரக் கூடுதல்’ என்று அதற்குப் பெயர். 20 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 21 என்பது ஒரு டாலர் உயர்வுதான். “சந்தை கொடுத்ததைச் சங்கம் தன் சாதனை என்கிறது” என்று அவர் சொன்னால் முழுப் பொய்யில்லை. பாதி உண்மையின் மீதிப் பாதி: 2022 தொடக்கத்தில், கூட்டம் குறைந்ததும், பல இடங்களில் கம்பெனி அந்தக் கூடுதலை ஒரே வெட்டாக வெட்டியது. ஒப்பந்தத்தில் இல்லாத காசு, கொடுத்தவர் கையிலேயே இருக்கிற காசு. 2023 செய்தது அதைக் கம்பெனியின் கையிலிருந்து எடுத்து ஏட்டில் எழுதியது.

மூன்றரை மணிநேரத்துக்குச் சங்கம் என்ன செய்கிறது

பகுதிநேரத்தார் பாதி நேரம்தான் வேலை செய்கிறார், ஆகவே பாதி சந்தா என்று வாதிடுவது எளிது. ஆனால் அங்கே ஒரு முள் இருக்கிறது. யூபிஎஸ்ஸில் பகுதிநேரத்தாருக்குச் சில மாதக் காத்திருப்புக்குப் பிறகு மருத்துவக் காப்பீடு உண்டு. சம்பளத்தில் பிரீமியம் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் வாரம் பதினேழு மணிநேர வேலைக்கு இது கிடைப்பது அபூர்வம். காப்பீட்டுக்காகவே நாற்பது வயதில் விடியற்காலை பெல்ட்டில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பாதிக் காப்பீடாக யாரும் கொடுப்பதில்லை. அவர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் டிரைவரின் குழந்தைக்கு வந்தாலும் ஒரே அட்டை.

புகார்களும் அப்படித்தான். யூபிஎஸ் மையங்களில் அன்றாடம் எழும் தகராறு ஒன்று: ஆள் குறையும்போது சூப்பர்வைசர் தானே பார்சல் தூக்குவது. ஒப்பந்தம் அதைத் தடுக்கிறது, ஏனென்றால் சூப்பர்வைசர் தூக்கும் ஒவ்வொரு பத்து நிமிடமும் ஒரு பகுதிநேரத்தாரின் பத்து நிமிடக் கூலி. யார் வேலையை அவர் பறித்தாரோ அவருக்கு அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி. அதை வாங்க, எத்தனை மணிக்கு, எந்த பெல்ட்டில், எவ்வளவு நேரம் என்று குறித்து, பணியிடத்தில் சங்கத்தின் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்ட் புகார் எழுத வேண்டும், கமிட்டி கேட்க வேண்டும். தொகை இருபது டாலராக இருந்தாலும் இரண்டாயிரமாக இருந்தாலும் புகாரை நடத்தும் வேலை ஒன்றுதான். சங்கத்தின் செலவு தலைக்கு ஆகிறது, மணிக்கு அல்ல. இப்போதுள்ள வாய்பாட்டை ஆதரிக்க இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. டிரைவர் வேலைக்குப் போகும் பெரிய வாசல் பகுதிநேர வேலைதான். சீனியாரிட்டி சேர்த்துக் காத்திருந்து உள்ளே போகிறார்கள். இன்று 52.50 கட்டுபவர்களில் சிலர் ஒரு நாள் 100க்கு மேல் கட்டும் டிரைவராவார்கள். ஆனால் ‘சிலர்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அதற்குள் போய்விடுவார்கள். போகிறவன் கட்டிய காசில் இருக்கிறவன் உயர்வு வாங்குகிறான் என்பதும் இந்தக் கணக்கில் ஒரு வரி.

ஆகவே பகுதிநேரத்தார் சந்தா கட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1997இல் 55 டாலரை வைத்துக்கொண்டு பதினைந்து நாள் தாக்குப்பிடித்த கூட்டத்தில் சேமிப்பு இல்லாதவர்கள் இவர்கள்தான். போராட்ட நிதி நிரம்பியிருப்பது யாரையும்விட இவர்களுக்குத்தான் அவசியம். கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் 1982 சாட்சி: சங்கத்தின் கண்ணில் எடை இல்லாதவர்களின் கூலிதான் முதலில் விலை பேசப்படும். சந்தா கட்டுபவர் திட்டவாவது உரிமை உள்ளவர்.

ஆனால் இந்த வாய்பாடு தவறு. தலைக்கு ஆகும் செலவு ஒன்றுதான் என்பது சரியென்றால், டிரைவரிடமும் லோடரிடமும் ஒரே தொகையை வாங்க வேண்டும், அப்படி வாங்கவில்லையே. கூலி அதிகம் வாங்குபவர் அதிகம் கொடுக்கட்டும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டுதான் மணிக்கூலியை வாய்பாட்டில் வைத்தார்கள். அந்தக் கொள்கையைப் பாதி வழியில் நிறுத்தியதுதான் கோளாறு. அதை முழுதாகக் கொண்டுபோன சங்கம் தூரத்தில் இல்லை. வாகனத் தொழிலாளர் சங்கமான யூஏடபிள்யூவும் ஆலைத் தொழிலாளரிடம் இரண்டரை மணிநேரச் சம்பளத்தைத்தான் மாதச் சந்தாவாக வைத்தது. ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியிலும் கற்பித்தலிலும் வேலை பார்க்கும் மாணவர்களுக்கு மொத்தச் சம்பளத்தில் 1.44 சதவீதம் என்று வைத்தது. இந்த எண்ணை மேலே பார்த்தோம்: வாரம் 40 மணிநேரம் ஓட்டும் டிரைவர் தரும் அதே 1.44. அதாவது முழுநேரத்துக்கு இரண்டரை மணிநேரம், குறைந்த நேரத்துக்கு அதே விகிதத்தில் குறைவு. பிரிட்டனின் யூனிசன் சங்கத்தில் ஆண்டு வருமானத்தின்படி படிக்கட்டு மாதிரி சந்தா. அடிப்படியில் இருப்பவர் மாதம் 1.30 பவுண்டு கட்டினால் போதும்.

டீம்ஸ்டர்ஸ் லோடரிடம் 1.44 சதவீதம் வாங்கினால் மாதம் ஏறத்தாழ 23 டாலர் வரும். இப்போது வருவதில் பாதிக்கும் குறைவு. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் மாதம் முப்பது டாலர் குறைந்தால் சங்கத்துக்கு விழும் பள்ளம் சின்னதல்ல. அதை நிரப்ப டிரைவரின் சந்தாவைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். டிரைவர்கள்தான் கிளைக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள், மாநாட்டுப் பிரதிநிதிகளாகப் போகிறவர்கள். 2023இல் லோடரின் கூலிக்காக மையத்தின் வாசலில் நின்றவர்கள், தன் சீட்டில் பத்து டாலர் கூடுவதற்குக் கையைத் தூக்குவார்களா என்பது எனக்கு நம்பிக்கை இல்லாத இடம். ஒருமைப்பாடு கம்பெனியின் காசில் வருவது ஒன்று, தன் பையிலிருந்து வருவது வேறு.

சந்தா விதியை மாற்றும் இடம் மாநாடு. அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடும். இப்போதைய யூபிஎஸ் ஒப்பந்தம் 2028 ஜூலை 31 வரை. இந்த ஒப்பந்தத்தில் 21 டாலருக்குப் புதிதாகச் சேருபவரின் கூலி படிப்படியாக 23 டாலர் வரை ஏறும். அப்போது அவருடைய மாதச் சந்தா 57.50. மூன்றரை மணிநேரம் மாறாத வரைக்கும், வாரச் சம்பளத்தில் அதுவும் ஏழில் ஒரு பங்குதான்.